கோழி முட்டை மாதிரித்தான்

அருள்நேசனால் விற்க முடியாத சாமான் என்று ஒன்று லண்டன் வெம்பிளியில் இருக்கவில்லை. அவனுடையது பயணப்பெட்டிக் கடை. ஒரு சக்கரம் சுழலாத பெட்டியை, "விட்ட இடத்திலையே நிக்கும், எயார்போட்டிலை உருண்டு போய்த் துலையாது" என்று சொல்லி ஒரு கிழவருக்கு விற்றிருக்கிறான். அந்தக் கிழவர் அடுத்த மாதம் வந்து தம்பிக்கும் ஒன்று கேட்டார். மன்னார்க் கடைத்தெருவில் துணி வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்த வாய் அது.

ஆனால் நாற்பத்தாறு வயது வரைக்கும் அவன் விற்றதெல்லாம் வேறு யாரோ செய்த சாமான். தன் வீட்டில், தன் கையால், ஒன்றை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மூன்று வருடமாக அவனைப் போட்டு ஆட்டியது. அந்த ஒன்று மட்டும் அவன் பேச்சுக்கு மசியவேயில்லை.

அது பாம்பு.

கோர்ன் ஸ்னேக் என்பது அதன் பெயர். அருள்நேசன் சோளப்பாம்பு என்பான், கேட்கிறவர் காதில் சோளம் மட்டும் விழட்டும் என்று. மனைவி டொலறஸ் பாம்பு என்பாள். செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள், நஞ்சு கிடையாது. வாரம் ஒரு எலி விழுங்கிவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். சத்தமில்லை, சண்டையில்லை. இத்தனை ஒழுங்கான சீவன் அந்த வீட்டில் வேறு இல்லை என்பது அவன் கட்சி.

முதல் வருடம், தொண்ணூற்றொன்றில், ஹாள்ஸ்டனில் ஒரு பாம்புக்காரனிடம் சோடி வாங்கினான். ஒன்றுக்குச் சொன்ன விலையில் இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம் என்று ஒரு கிழமை விசிலடித்துத் திரிந்தான். இரண்டும் பெண். வந்த முட்டைகள் மஞ்சள் பிடித்து, கல்லாய் இறுகி, குப்பைக்குப் போயின. இரண்டாம் வருடம் முழு விலை கொடுத்து ஒரு ஆண் வாங்கினான். முட்டை சரியாகத்தான் வந்தது. உடுப்பு அலுமாரிக்குள் வைத்ததில் ஈரம் போய், பேரீச்சம்பழம் மாதிரிச் சுருங்கிவிட்டது.

"இதுதான் கடைசி," என்றாள் டொலறஸ், தொண்ணூற்று மூன்று ஜூனில் பாம்பு பதின்மூன்று முட்டை இட்ட அன்றைக்கு. "ஓகஸ்ட் பதினைஞ்சு மடு மாதா திருநாள். பின்னேரம் செபமாலைக்கு முப்பது பேர் வருகினம். சுரூபத்திலை மாதாவின்ரை காலுக்குக் கீழை ஒரு பாம்பு இருக்கு, அது காணும். அதுக்குள்ளை பொரிச்சால் பொரிக்கட்டும். இல்லாட்டி முட்டை, பாம்பு, பெட்டி எல்லாம் வெளியிலை."

"அறுபது நாள் கணக்கு. சரியா வருமப்பா."

"போன முறையும் உந்த வாய்தான் சொன்னது."

அறுபது நாளும் முட்டைக்கு ஒரே சூடு வேண்டும். லண்டன் வீட்டில் அப்படி ஓரிடம்தான் உண்டு. மாடியில், வெந்நீர்த் தாங்கி நிற்கும் அலுமாரி. வெள்ளைக்காரர் அதில் துவாய் காயப்போடுவார்கள். நம்மவர் அப்பத்துக்கு மாப் புளிக்க வைப்பார்கள். அங்கேதான் வந்தது சிக்கல். ஏனென்றால் டொலறஸின் அக்கா மெற்றில்டா, செவன் கிங்ஸில் மகன் வீட்டில் மருமகளோடு கொழுவிக்கொண்டு, இரண்டு கிழமை என்று சொல்லி வந்து இரண்டு மாதமாக அந்த வீட்டில் இருந்தாள். அவள் வந்த நாள் முதல் அந்த அலுமாரி மாப்பானைக்குச் சொந்தமாகியிருந்தது.

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் செடித்தொட்டிக்குப் போடும் வெர்மிகுலைட் துகளை நனைத்துப் பரப்பி, அதில் முட்டைகளைப் பாதி புதைத்து, ஏந்திக்கொண்டு அருள்நேசன் மாடி ஏறியபோது மெற்றில்டா அலுமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"உது என்ன தம்பி?"

"மேல் தட்டு எனக்கு மச்சாள். கீழை ரெண்டும் உங்களுக்கு."

"மூண்டும் இப்ப என்னட்டைத்தானே இருக்கு. நீர் என்னத்தைத் தாறீர்?"

சரியான கேள்வி. அவனுக்கே அவள்மேல் ஒரு கணம் மரியாதை வந்தது.

"ஞாயிறு பூசைக்கு நானே காரிலை கொண்டுபோய் இறக்குறன்."

"அது இப்பவும் இறக்குறீர். பாம்பு முட்டைக்குக் கீழை வைச்ச மாவிலை அப்பம் சுட்டு ஆர் தின்னுறது? வாயிலை வைக்கேக்கை நினைப்பு வராதோ?"

"பாம்பு எண்டு ஏன் நினைக்கிறியள்? முட்டை முட்டைதானே. கோழி முட்டை மாதிரித்தான். ஒரு வித்தியாசமும் இல்லை."

"ஒரு வித்தியாசமும்?"

"ஒண்டுமில்லை. ஊரிலை எத்தினை கோழி அடை வைச்சிருப்பியள்! ஒண்டுதான், இதுக்குத் தாய் அடைகாக்காது. போட்டிட்டுத் தன்ரை பாட்டிலை போயிடும்."

மெற்றில்டாவின் முகம் இளகியது. "தாய் திரும்பியும் பாராதோ?"

வாங்குகிறவர் கை சாமானைத் தடவத் தொடங்கும் நேரத்தை அறிந்தவன் அருள்நேசன். குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தரும் இல்லாத முட்டையள், மச்சாள்."

"சரி, வையும்," என்று விலகினாள் அவள்.

வியாபாரம் படிந்த சந்தோஷத்தில் பெட்டியை வைத்தான். கோழி முட்டைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அவனுக்குத் தெரியாததல்ல. கோழி முட்டையை நாள்தோறும் திருப்ப வேண்டும். பாம்பு முட்டையை இட்டபடியே விட வேண்டும். உள்ளே கரு மேல்பக்கமாக ஒட்டி வளரும், புரட்டினால் மூழ்கிவிடும். அதற்காகவே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தான். மூன்று முட்டைகள் இடும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரிக்க முடியாமல், பழுதான சாமானை ஓரமாகத் தள்ளுவதுபோல மூலையில் வைத்தான். திருப்பக்கூடாது என்பதை மெற்றில்டாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது என்று ஆகிவிடும். விற்று முடித்த சாமானில் குறை சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை.

ஆறு கிழமை எல்லாம் ஒழுங்காகப் போனது. கடை பூட்டி வந்து, கை கழுவி, மூடியை லேசாகத் தூக்கிப் பார்ப்பான். சூடு எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். பதின்மூன்று புள்ளியும் அவனையே பார்த்தபடி இருக்கும். முட்டைகள் வெள்ளையாய் ஊதிக்கொண்டு வந்தன. மெற்றில்டாவும் முகம் கோணாமல் மாவை எடுத்து வைத்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு புதன்கிழமை, வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டிப் பூட்டுக்குப் பொருத்திப் பார்க்க, வீட்டில் கிடந்த பழைய திறப்பொன்றை எடுக்க மத்தியானம் வந்தான். வந்தவன் சும்மா ஒருக்கால் மூடியைத் தூக்கினான்.

மூலையில் கிடந்த மூன்றில் மட்டும் புள்ளி இருந்தது. மற்றப் பத்தும் மொட்டையாய்க் கிடந்தன.

யாரோ அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். குனிந்து, ஒன்றின் அடியில் துகளை விலக்கி டோர்ச் அடித்துப் பார்த்தான். புள்ளி கீழே வெர்மிகுலைட்டுக்குள் முகம் புதைத்திருந்தது.

"மச்சாள்!"

குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள் மெற்றில்டா. "என்ன தம்பி, மா பொங்கிட்டுதோ?"

"இதை ஆர் தொட்டது?"

"நான்தான். விடிய ஒருக்கால், நீர் வாறதுக்கு முந்தி பின்னேரம் ஒருக்கால். ஒரு நாளும் தவறேல்லை, எனக்குக் காய்ச்சலாக் கிடந்த அண்டைக்கும் எழும்பி வந்து திருப்பினனான்."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் ஒரு புரட்டு, பின்னேரம் ஒரு புரட்டு. அவன் வந்து பார்க்கும் நேரத்துக்குப் புள்ளிகள் எல்லாம் நல்ல பிள்ளைகள் மாதிரி மேலே வந்து நின்றிருக்கின்றன.

"ஏன் திருப்பினனீங்கள்?" குரல் கீச்சிட்டது.

"திருப்பாமல் எப்பிடிப் பொரிக்கிறது? நீர்தானே சொன்னனீர், கோழி முட்டை மாதிரி, ஒரு வித்தியாசமும் இல்லையெண்டு. நான் ரெண்டு தரம் கேட்டனான்."

"அது... அது பேச்சுக்குச் சொன்னது!"

"எந்தப் பேச்சுக்கு?"

இருபத்தைந்து வருட வியாபாரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் நம்பியது இதுதான் முதல் தடவை. ஏசவும் முடியவில்லை. தாயில்லாத முட்டை என்று காய்ச்சலோடு எழும்பி வந்தவளை என்ன சொல்லி ஏசுவது? கதவை அடித்துச் சாத்தலாம் என்று பார்த்தால் உள்ளே முட்டை இருக்கிறது, அதிரும். மெதுவாகச் சாத்தினான். அதுதான் அவனுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

"அந்த மூண்டும் ஒட்டிப்போய்க் கிடக்கு தம்பி," என்றாள் அவள், மன்னிப்புக் கேட்கும் குரலில். "எவ்வளவு பாத்தும் திருப்பேலாமப் போச்சு. அதை மட்டும் விட்டிட்டன்."

ஹாள்ஸ்டன் பாம்புக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தான். விஷயத்தைக் கேட்டவன் சிரித்தான், பிறகு இரங்கினான், கடைசியில் பொறுத்திருந்து பார் என்றான். பொறுத்திருப்பதற்கு ஒருவனிடம் போய்க் கேட்க வேண்டுமா என்று அருள்நேசன் ரிசீவரை வைத்தான்.

ஓகஸ்ட் முதல் கிழமையில் பத்து முட்டைகளில் நான்கு சாம்பல் நிறமாகின. பிறகு மற்ற ஆறிலும் பூஞ்சணம் வந்தது. டொலறஸ் கடையிலிருந்து அவனுடைய பெட்டிகளில் ஒன்றையே, நடுத்தர அளவு, நீல நிறம், கொண்டுவந்து பாம்புப் பெட்டி இருந்த அறை வாசலில் வைத்தாள்.

"இதுக்குள்ளை பாம்புகள் போகும்தானே? காத்து வர ஓட்டை போட்டு விடுங்கோ."

"நல்ல பெட்டியப்பா அது!"

"அப்ப நல்ல மாதிரிப் போகட்டும்."

பதினைந்தாம் திகதி ஞாயிறு. அறுபத்துநாலாம் நாள். பூசை முடிந்து வந்து, அருள்நேசன் நீலப் பெட்டிக்கு முன்னால் துளைபோடும் கருவியோடு குந்தியிருந்தான். புதுப் பெட்டியில் ஓட்டை போட அவனுக்குக் கை வரவில்லை. ஒரு தரம் வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தான், ஒரு தரம் இடப்பக்கத்தில். அந்நேரம் மாடியில் அலுமாரி திறக்கும் சத்தமும், தொடர்ந்து மெற்றில்டாவின் கூச்சலும் கேட்டன.

"தம்பி! ஓடி வாரும்! பொரிக்குது! பொரிக்குது!"

செபமாலைக்கு அப்பம் சுட மாப்பானையை எடுக்க வந்தவள் பானையை மறந்து நின்றாள். மூலையில், ஒட்டிக் கிடந்த மூன்றில் ஒன்று கத்தியால் கீறினது போலப் பிளந்திருந்தது. கீறலுக்குள்ளிருந்து சுண்டுவிரல் நுனியளவு தலை ஒன்று வெளியே வந்து, நாக்கை ஒருதரம் நீட்டி, வெம்பிளி பிடிக்காததுபோலத் திரும்ப உள்ளே போனது. பக்கத்து முட்டையிலும் ஒரு கீறல்.

அருள்நேசன் குனிந்து முகத்தைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனான். தன் வீட்டில், தன் கையால்.

"என்ரை கை ராசி!" என்றாள் மெற்றில்டா.

அவன் திரும்பிப் பார்த்தான். "மச்சாள், நீங்கள் தொடாத மூண்டிலைதான் பொரிக்குது."

"அதைத்தானே சொல்லுறன். தொடாததே பொரிக்குதெண்டால் என்ரை செபம்தான் வேறென்ன? மற்றதுகள் பழுதான முட்டை தம்பி. நான் எவ்வளவு பாடுபட்டுத் திருப்பியும் சரிவரேல்லை."

அன்று பின்னேரம் செபமாலை முடிந்ததும் முப்பது பேரும் வரிசையில் மாடி ஏறி "மெற்றில்டா அக்காவின்ரை குஞ்சுகளை"ப் பார்த்தார்கள். அருள்நேசன் படியடியில் நின்று, சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. பாம்புகள் கிடக்கட்டும் என்று டொலறஸ் நீலப் பெட்டியைத் திரும்பக் கடைக்கு அனுப்பக் காரில் ஏற்றியதைத் தவிர, அவனுக்கென்று அன்று நடந்த நல்லது எதுவுமில்லை. மெற்றில்டா செவன் கிங்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, குஞ்சுகள் இருப்பதால் இப்போதைக்கு வர ஏலாது என்று மகனுக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை குஞ்சுகளின் முதல் தோல் கழன்றது. இனித் தீன் வேண்டும். பெரியவற்றுக்கு வேண்டிய எலியை வளர்ப்புப் பிராணிக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி அன்றைக்கே போட்டுவிடுவான், டொலறஸுக்குத் தெரியாது. குஞ்சுகளுக்கானது அப்படியில்லை. பிறந்து ஒருநாள் ஆன எலிக்குட்டிகள், மயிரில்லாமல், இளஞ்சிவப்பாய், உறையவைத்து, ஐம்பது ஐம்பதாகப் பையில்தான் கிடைக்கும். பையோடு வந்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஃப்ரீசர் கதவைத் திறந்தான். உள்ளே மெற்றில்டாவின் மீன், இறால் பொட்டலங்கள் இடைவெளியில்லாமல் அடுக்கியிருந்தன.

"என்ன தம்பி அது?" பின்னால் அவள் நின்றாள்.

"குஞ்சுகளின்ரை சாப்பாடு மச்சாள். ஒரு சின்ன இடம் தந்தாக் காணும்."

"பாம்புச் சாப்பாட்டை எங்கடை மீனோடையோ? என்ன சாமான் அது?"

அவன் நாக்கு அவனைக் கேட்காமலே புறப்பட்டது.

"பயப்பிடாதேயுங்கோ. உரிச்ச றால் மாதிரித்தான். ஒரு வித்தியாசமும் இல்லை."

சொல்லி முடிந்த பிறகுதான் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. மெற்றில்டா பையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஓம், உரிச்ச றால் மாதிரித்தான்" என்று தலையாட்டி, இறால் பொட்டலங்கள் இருந்த தட்டில் நடுவே பத்திரமாகச் செருகிக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ," முன்னறையிலிருந்து டொலறஸ் கூப்பிட்டாள், "நாளைக்கு ஃபாதர் சாப்பிட வாறார், றால் குழம்பு வைப்பமோ?"

அருள்நேசன் பையில் எழுதி ஒட்ட மார்க்கர் பேனா தேடி மேசை லாச்சியை இழுத்தான். முட்டைக்குப் புள்ளி வைத்த பென்சில்தான் கிடைத்தது. அது பொலித்தீனில் எழுதாது.