ஐநூற்றில் நூற்றுப் பதினேழு

அந்தக் கைக்கடிகாரம் வீட்டுக்கு வந்தபோது மகளுக்குப் பத்து வயது. கைக்குழந்தை இருக்கும் வீடுபோல அன்றிலிருந்து எல்லாரும் பீரோ இருக்கும் அறையில் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்துவிட்டு மகள்தான் அதற்குத் "தம்பி" என்று பெயர் வைத்தாள். "அப்பா, தம்பி தூங்குறானா, முழிச்சிட்டானா?" என்று கேட்பாள். அப்பாவும் கோபப்படமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறப்பார். சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஐநூற்றில் நூற்றுப் பதினேழு என்று எண் பொறித்திருக்கும். மறுபடி உள்ளே வைத்துவிடுவார். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கையில் கட்டியதில்லை. சொந்த வீட்டு முன்பணத்துக்கென்று அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

"ஸ்டாக் குறைஞ்சா விலை ஏறும். இருபது வருஷமா கிடங்குல பாக்குறேனே," என்பார். மருந்துக் கிடங்கில் அவர் இருப்புக் கணக்காளர். "கம்பெனிக்காரன் ஐநூறுதான் செஞ்சான். இனிமே எவன் தலைகீழா நின்னாலும் ஐநூத்தி ஒண்ணு கிடையாது."

அம்மா மறுத்துப் பேசியதில்லை. அவளுக்குத் தெரிந்த உலோகம் வேறு. அவள் பல் லேபில் வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து உலோகப் பல் உறை செய்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே பல்லக்காதான். "பல்லக்கா கையில பட்டா செம்புகூடச் சிரிக்கும்" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இந்த வருடம் மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பா யோசிக்கவே இல்லை.

"தம்பிய வித்துடலாம். இதுக்குத்தானே வாங்கினேன்? அஞ்சு வருஷப் படிப்பும் முடிச்சு, மிச்சத்துல முன்பணமும் கட்டிடலாம்."

அவர் அப்படி நிமிர்ந்து பேசி அம்மா பார்த்து வெகுநாளாயிற்று.

திங்கட்கிழமை விற்பனைக்காகப் படம் எடுக்க வேண்டும் என்று முதல்முறையாக அதைக் கையில் கட்டினார். படம் நன்றாக வந்தது. திரும்பும்போது பீரோக் கைப்பிடியில் மணிக்கட்டு இடித்தது. கடிகாரத்தின் பக்கவாட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். அவர் சாப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "போச்சு, போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கீறலா? தினமும் நாற்பது கீறலை எடுக்கிற கை என்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் கொடுக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பைக்குள் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

மதிய இடைவேளையில் ரப்பர் சக்கரத்தை மாட்டி முதலில் கீறலை எடுத்தாள். இரண்டு நிமிட வேலை. எடுத்த இடம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. சுற்றிலும் கோடு கோடாக மங்கலாக இருந்ததைப் பார்த்து, செய்தவர்கள் மெருகேற்றாமல் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வாய்க்குள் போகிற பொருளில் அப்படி விட்டால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். விளிம்புகள் விரலில் கூர்மையாகப் பட்டன. இப்படி ஓர் உறை செய்து அனுப்பினால் கன்னம் கிழிந்துவிட்டதென்று திரும்பி வரும். விளிம்புகளை மழுக்கினாள். கம்பளிச் சக்கரத்தில் மெருகுப் பசை தடவி, பின்பக்கம்வரை ஒரே சீராகத் தேய்த்தாள். முகம் பார்க்கலாம்போல் ஆனது. தன் வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலை இதுதான் என்று நினைத்தாள்.

மாலையில் பயந்துகொண்டேதான் கொடுத்தாள். அவர் விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ பாப்பா, இங்க வா! உங்கம்மா கை இருக்கே, தங்கக் கை!"

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அவள் அன்று நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை கடிகாரக் கடைக்கு இருவரும் போனார்கள். இரண்டாம் மாடியில் சின்ன அறை. கடைக்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு, வெறும் கண்ணால் பார்த்தார்.

"சார், யாரு பாலிஷ் போட்டது?"

"நம்ம வீட்டுக்காரம்மாதான்! பல் லேப்ல இருக்கா. பிரமாதமா இருக்குல்ல?"

"வேலை பிரமாதம்தான் சார், குறை சொல்ல முடியாது. ஆனா கடிகாரம் போயிடுச்சே. இந்த விளிம்பு, இந்தக் கோடு, இதுக்குத்தான் சார் காசு. இங்க பாருங்க, நம்பர்கூடப் பாதி தேஞ்சிருக்கு. கீறலோட கொண்டுவந்திருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன்."

அவர் சொன்ன விலை, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அப்பா கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, காற்றுக்குக் கீழே இறங்கிப் போனார். அவள் நாற்காலியிலேயே இருந்தாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மனசு விட்டுடாதீங்கம்மா. ஒண்ணு காட்டுறேன்." இழுப்பறையைத் திறந்தார். அதே கடிகாரம் மூன்று, பெட்டியும் சான்றுப் பத்திரமும் பிரிக்காமல் கிடந்தன. "ரெண்டு வருஷமா இருக்கு. சீண்ட ஆளில்ல. ஐநூறுன்னு சொல்லி வித்தான், அடுத்த வருஷம் நீலத்துல ஐநூறு, அப்புறம் பச்சையில ஐநூறு. இதுல எதையும் பாதி விலைக்கு மேல நான் வாங்கல. உங்களுது அப்படியே இருந்திருந்தாலும் பாதிதான். சாரை மாதிரி தெனமும் ரெண்டு பேர் வர்றாங்கம்மா. இது ஏறும்னு யார் சொன்னான்னுதான் எனக்குப் புரியல."

அவளுக்கு மூச்சு வந்தது. மூன்றில் ஒரு பங்கு முதல் பருவத்துக்குப் போதும். அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படியிறங்கி ஓடினாள்.

"என்னங்க, குடுத்துடலாம். வெள்ளிக்கிழமைக்கு இது போதும்."

"அடிமாட்டு விலைக்கா?"

"நல்லா இருந்திருந்தாலும் பாதிதானாம். இழுப்பறை நிறைய வச்சிருக்காரு, நானே கண்ணால பாத்தேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்."

"வாங்களேன், நீங்களும் பாருங்களேன்."

"வேணாம்." அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ஏதோ பெரிய சுமை இறங்கிய நிம்மதி தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "நீ தேய்க்காம இருந்திருந்தா அஞ்சு வருஷமும் படிச்சிருப்பா. எட்டு வருஷம் நான் கண்ண இமை காக்குற மாதிரி காத்தேன். ஒரு மதியத்துல நீ முடிச்சுட்ட. இன்னும் பத்து வருஷம் போகட்டும், தேஞ்சதுக்கும் ஒரு விலை வரும்."

நேற்று இதே கையைத்தானே தங்கம் என்றீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்த இழுப்பறையை அவர் சாகும்வரை பார்க்கப்போவதில்லை. பார்த்தால் எட்டு வருடமும் வீண் என்று ஆகிவிடும். இப்போது அது வீணில்லை, அவள் கெடுத்தது.

வீட்டில் மகள் கதவைத் திறந்தபடியே, "தம்பி எவ்வளவுக்குப் போனான்?" என்றாள்.

அப்பா நடந்ததைச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா இழுப்பறையைப் பற்றிச் சொன்னாள், மூன்று பெட்டி, நீலம், பச்சை எல்லாம். சொல்லச் சொல்ல, தப்பித்துக்கொள்ளப் பேசுவதுபோல் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ ஏம்மா அதத் தொட்ட?"

வியாழக்கிழமை அம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டுப் பார்த்தாள். லேப் முதலாளி அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் ஒரு கடைவாய்ப் பல் உறையை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்தாள். ஐந்து அடித்து நாலு நிமிடம். உறை பளபளவென்று வந்திருந்தது. யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் மோட்டாரை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வரைபலகையைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். துவைத்த துணியை அடுக்கத்தான் அம்மா பீரோவைத் திறந்தாள். கடிகாரம் இருக்கும் உள்ளறையில் புதிதாக ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

"சாவி அப்பாகிட்ட இருக்கும்மா," என்றாள் மகள், அவள் கேட்காமலேயே.