அரசாங்கத்துக்கு முழுத் தேள்

மண்ணாங்கட்டியின் இடது முன்கையில் ஒரு தேள் இருந்தது. மயிலம் பங்குனி உத்திரத்தில் குறத்தியிடம் பச்சை குத்திக்கொண்டது. 1941இல் அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது, அங்க அடையாளம் என்ற கட்டத்தில் குமாஸ்தா எழுதினார்: 'இடது முன்கையில் தேள், ஒன்று.' பின்னால் இரண்டாவது தேள் முளைத்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

பட்டாளம் என்றாலும் துப்பாக்கி கொடுக்கவில்லை. மூட்டை தூக்கும் கம்பெனி. வடக்கே ஒரு கிடங்கில் இரும்புப் பீப்பாய்களை உருட்டினான். ஒருநாள் ஒரு பீப்பாய் கசிந்து இடது கையை நனைத்தது. பூண்டு வாசனை அடித்தது. ஏதோ எண்ணெய் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் விரலிலிருந்து முழங்கை கிட்டும்வரை கொப்புளம். மூன்றாம் நாள் மூச்சுக்குழல் வெந்தது. உள்ளே இருந்தது ஆளைக் கொல்லும் விஷம். அது ரகசியம் என்பதால் பீப்பாயும் ரகசியம், கசிவும் ரகசியம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'சொறி' என்று எழுதி, சண்டை முடியும் முன்பே கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அவன் சேரிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தவனால் ஒரு வரிசை மல்லாட்டைக் கடலைகூடப் பிடுங்க முடியவில்லை. பத்துச் செடிக்குள் இரைத்தது. ஊனப் பென்ஷன் கேட்டு மனுப் போட்டான். இரண்டு வருஷம் கழித்து, நாற்பத்தாறு ஆடியில் பதில் வந்தது: திண்டிவனம் பயணியர் பங்களாவில் போர்டு கூடும்; அங்க அடையாளத்துடன் ஆஜராகவும்; தவறினால் மனு தள்ளுபடி.

அங்க அடையாளம்தான் இல்லை. விஷம் தேளைத் தின்றிருந்தது. முழங்கையருகே நல்ல தோலில் வால் மட்டும் மிச்சம்.

கணவனும் மனைவி அம்சவள்ளியும் விழுப்புரம் கோர்ட்டு வாசலுக்குப் போனார்கள். அங்கே புளியமரத்தடியில் மனு எழுதும் சீனுவாசன், ஹைகோர்ட்டே தன்னைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வதுபோல் உட்கார்ந்திருப்பார்.

"ரேகை இருக்குமேடா. இடது கட்டைவிரல்?"

"அதுவும் வெந்துபோச்சுங்க. வழவழன்னு கீது."

சீனுவாசன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வாலைப் பார்த்தார். "இது தேளா? கம்பளிப்பூச்சின்னு சொன்னா என்ன பண்ணுவே? அரசாங்கத்துக்கு முழுத் தேள் வேணும். போய்க் குத்திக்கினு வா."

"வாலு அப்படியே இருக்கட்டுங்களா?" என்றாள் அம்சவள்ளி.

"வால் பழசு, உடம்பு புதுசுன்னு இருந்தா சந்தேகப்படுவான். எல்லாத்துக்கும் ஒரே கலர்."

மண்ணாங்கட்டிக்கு மனசு ஒப்பவில்லை. "பொய்யாயிடாதுங்களா?"

"எது பொய்? இருந்த தேளைத்தானே வைக்கறோம்? வாடகைக்குக் குடிவந்த தேளா அது?"

வெந்த தோலில் ஊசி இறங்கியபோது வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பச்சை ஒட்டாமல் பரவி, தேள் கொஞ்சம் இறால்போல் வந்தது. அம்சவள்ளி பத்து நாளும் மஞ்சள் வைத்தாள். "கொடுக்கு சரியாத்தான் கீது, பயப்படாதய்யா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் கூடுதலாகப் பயந்தான்.

போர்டுக்குத் தலைவர் ஒரு ராவ் சாகிப். பட்டம் வாங்கிய நாளிலிருந்து யாரையும் நேராகப் பார்க்காதவர். பக்கத்தில் பட்டாள டாக்டர் தேவநாதன். அம்சவள்ளி வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சீனுவாசன்.

ராவ் சாகிப் ஏட்டைப் புரட்டினார். "தேள், ஒன்று." கையைப் பார்த்தார். எண்ணினார். ஒன்றுதான். "ஆள் சரி. காயம் என்ன?"

"விசம் பட்டுக் கை வெந்துபோச்சுங்க. நெஞ்சும் வெந்துபோச்சு."

"எந்தக் கை?"

"இதாங்க."

ராவ் சாகிப்புக்கு முதல் தடவையாக முகம் மலர்ந்தது. "கை வெந்திருந்தால் தேளும் வெந்திருக்க வேண்டும். தேள் சௌக்கியமாக இருக்கிறது. ஆகவே கை வேகவில்லை. சொறி என்று எழுதியது சரிதான்."

மண்ணாங்கட்டி வாசற்படியைப் பார்த்தான். சீனுவாசன் அண்ணாந்து பங்களா ஓட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் ஜெயிலோ என்னவோ. சொல்லாவிட்டால் பென்ஷன் இதோடு சரி. மூச்சு இரைத்தது. "தேளு புதுசுங்க. பழசு வெந்துபோச்சு. மூணு வாரத்துக்கு முன்னதான் குத்திக்கினேன்."

"அப்படியானால் நீ மண்ணாங்கட்டி என்பதற்கு அத்தாட்சி இல்லை."

"நான் இவரோட எட்டு வருசமா குடித்தனம் பண்றேங்க," என்றாள் அம்சவள்ளி. "எனக்குத் தெரியாதுங்களா?"

"மனைவி அங்க அடையாளம் ஆகமாட்டாள்."

தேளோடு இருந்தால் அவன் மண்ணாங்கட்டி, ஆனால் காயமில்லை. தேள் இல்லாவிட்டால் காயம் உண்டு, ஆனால் அவன் மண்ணாங்கட்டி இல்லை. இந்தக் கண்டுபிடிப்பை ராவ் சாகிப் இரண்டு தடவை சொல்லி அனுபவித்தார்.

டாக்டர் குழாயை மார்பில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ராவ் சாகிப் காதில் ஏதோ சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒத்திவைப்பு என்று எழுதினார்கள்.

தாழ்வாரத்தில் டாக்டர் அவர்களை நிறுத்தினார். "யாருப்பா இந்தப் புத்தி சொன்னது?"

அம்சவள்ளி, பஸ் நிற்கும் இடத்துக்கு விரைந்துகொண்டிருந்த சீனுவாசனைப் பார்த்தாள்.

"வாலோட மட்டும் வந்திருந்தா இன்னிக்கே எழுதியிருப்பேன். வால் இருந்தா ஆள் நீதான்னு ஆயிடுது. உடம்பு இல்லேன்னா வெந்துடுச்சுன்னு ஆயிடுது. ரெண்டும் ஒரே கையில இருந்துதே."

அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெந்த தோல்ல பச்சை நிக்காது. தானா உதிரும். வால் நல்ல தோல்ல இருக்கு, நிக்கும். உதிர்ந்ததும் வாங்க, நானே இருந்து பாக்கறேன்."

"நெஞ்சு இன்னா சொல்லுதுங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "மழைக்காலத்துல நனையாம பாத்துக்கோம்மா," என்றார்.

சீனுவாசன் பஸ் வரும்வரை மரியாதையாகப் பத்தடி தள்ளியே நின்றார். பஸ் வந்ததும் தைரியமும் வந்தது. "பாத்தியாடா? பதில் சொல்ல முடியாம ஒத்தி வச்சுட்டான். அடுத்த மனுவில இன்னும் அழுத்தி எழுதறேன்."

"எழுதுங்க, ரைட்டர் ஐயா," என்றாள் அம்சவள்ளி. "உங்க கையில ஒரு தேளு குத்திக்கினு எழுதுங்க."

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் அவன் கையை வெயிலுக்கு நீட்டுவான். அவள் குனிந்து பார்ப்பாள். புரட்டாசியில் தேளின் முன்கொடுக்கு ஒன்று மங்கியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அவன் நெஞ்சுக்குள் ஓலை கிழிவதுபோல் சத்தம் வந்தது. தேளின் உடம்பில் பாதி இன்னும் பச்சையாகவே இருந்தது.

"வாலு கீதா?" என்று கேட்பான்.

"கீது. பேசாத, இரைக்குது."

"மத்தது?"

அவள் கட்டைவிரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். "போய்க்கினு கீதுய்யா. நீ கொஞ்சம் மெதுவா மூச்சு வுடு."