பாதிப் படத்தில் அக்கா

அந்த அரைப்படக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவள் புருஷன், லாரி டிரைவர். முப்பத்தாறு படம் விழுகிற ஃபிலிம் சுருளில், ஒவ்வொன்றையும் பாதியாக்கி எழுபத்திரண்டு எடுக்கலாம் என்று கடைக்காரன் சொன்னதில் மனிதர் விழுந்துவிட்டார். எடுக்கலாம்தான். ஆனால் சுருள் முடிந்தால்தானே கழுவக் கொடுக்க முடியும்? இரண்டு வருஷமாகியும் அந்தச் சனியன் முடிந்தபாடில்லை.

அதற்குள் அவளுடைய அக்கா செத்துப்போனாள். அக்காவின் கடைசிப் படம் அந்தச் சுருளின் தொடக்கத்தில் கிடந்தது.

"மிச்சத்த எடுத்துத் தள்ளிட்டுக் கழுவக் குடுங்களேன்," என்றாள் புருஷனிடம்.

"எதுக்கு வீணாக்கணும்? ஏதாவது விசேஷம் வரட்டும்."

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துவிட்டு வருகிறவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. ஒருநாள் அவர் வண்டியெடுத்துப் போனதும் கேமராவைக் கையில் எடுத்தாள். சுவர், குழாய், அழுக்குக் கூடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினாள். ஃபிலிமை நகர்த்தும் சக்கரம் ஒருவழியாக நின்றது. அப்பாடா என்று பின்மூடியைத் திறந்தாள்.

அவள் கைக்குப் பழகியது சாதாரணக் கையடக்கக் கேமரா. சுருள் முடிந்ததும் அதுவே விர்ரென்று ஃபிலிமை டப்பாவுக்குள் இழுத்துக்கொள்ளும். இதைக் கையால் சுற்ற வேண்டும். அது ஞாபகம் வந்தபோது ஃபிலிம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. படக்கென்று மூடினாள். இருந்த ஒரு அக்காவையும் நானே அழிச்சிட்டேனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் டிரைவர் திட்டவில்லை. ஃபிலிமைச் சுற்றி எடுத்துக் கொடுத்தார். அதுதான் அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

"மேல சுத்தியிருந்ததெல்லாம் வெளுத்துப் போச்சும்மா," என்றாள் படத்தைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரி. "வெளிச்சத்த அதுங்களே வாங்கிக்கிச்சுங்க. மொதல்ல எடுத்தது அடியில இருந்ததால தப்பிச்சிருச்சு."

சுவரும் குழாயும் போயிருந்தன. டிரைவர் பார்த்துப் பார்த்து எடுத்த மலைப்பாதைகளும் போயிருந்தன, பாவம்.

அக்கா இருந்தாள். ஓரமெல்லாம் சிவந்துபோன ஒடுக்கமான படத்தில், வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை. வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

கடையில் நின்றிருந்தவளுக்கும் கொட்டாவி வந்தது. அக்காவோடு சேர்ந்து நீளமாக ஒன்று விட்டாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.