சிவப்பு வளையம் போட்ட கேன்

"வாசப் பக்கம் வந்து இன்னாத்துக்கு நிக்கிற? கொல்லப் பக்கமா வா!" என்றாள் காமாட்சியம்மாள். உள்ளே பேரப்பிள்ளை பாலுக்கு வீறிட்டுக் கொண்டிருந்தது.

பால் செம்புடன் நின்ற அன்னபுஷ்பம் நகரவில்லை. காலனிக்கு ஆளனுப்பி அவளை வரச் சொன்னதே இந்த அம்மாள்தான்.

அந்த வருஷம் ஒரகடத்துப் பக்கம் கோமாரி வந்து ஊர் மாடுகளெல்லாம் வாயும் காலும் புண்ணாகிச் சுருண்டு கிடந்தன. காலனி மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர்க் குளத்தில் தண்ணீர் காட்டக் கூடாது, ஊர் மாடுகளோடு மேய விடக் கூடாது என்று விரட்டி வைத்திருந்தார்களே, நோயும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை!

பட்டணத்துக்குப் பால் அனுப்பும் சொசைட்டிக்குக் காமாட்சியம்மாளின் கணவர் ஏகாம்பரநாதன்தான் தலைவர். காலனிப் பாலுக்கென்று சிவப்பு வளையம் போட்ட தனிக் கேன் வைத்த புண்ணியவானும் அவரே. பட்டணம் போனதும் எல்லாக் கேனும் ஒரே தொட்டியில்தான் கவிழும். அது அவருக்கும் தெரியும். ஊர் கண்ணெதிரே கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"கொயந்தைக்கு இல்லன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா கொல்லப் பக்கம் ஊத்த மாட்டேன். சொசைட்டிக்கு வாங்க. பொதுக் கேன்ல ஊத்தறேன், எல்லாரும் பாக்க வாங்கிக்குங்க."

"இன்னா திமிரு பாத்தியா இவளுக்கு!"

குழந்தை அழும்போது இப்படிப் பேசுகிறோமே என்று அன்னபுஷ்பத்துக்கே நெஞ்சு அடித்துக் கொண்டது. அப்போது மருமகள் ஜெயம் சொம்போடு வாசலுக்கு வந்தாள். "நான் வரேன்க்கா சொசைட்டிக்கு," என்றாள்.

அன்று பொதுக் கேனிலிருந்துதான் ஊர்க் குழந்தைகள் எல்லாம் பால் குடித்தன. சிவப்பு வளையக் கேன் மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

மாடுகள் தேறின. ஒரு காலையில் சொசைட்டியில் அந்தக் கேன் கழுவித் துடைத்து மறுபடியும் வெளியே வந்திருந்தது.

"உன் பாலை அதுல ஊத்து," என்றார் ஏகாம்பரநாதன், அன்னபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க பேரன் குடிச்சப்போ இந்தக் கேன் எங்கங்க போயிருந்துச்சு?"

அவர் அந்தக் கேனை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவள் ஊற்றாமல் நின்றாள்.

பின்னால் வரிசையில் நின்ற ஜெயம் முன்னே வந்தாள். கொண்டு வந்த பாலை ஒரு சொட்டு விடாமல் சிவப்பு வளையக் கேனில் கவிழ்த்தாள்.

"மாமா, இது நம்ம வூட்டுப் பாலு."

அதன் மேலேயே அன்னபுஷ்பமும் ஊற்றினாள்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடுத்து நின்றவர்கள் எந்தக் கேனில் ஊற்றுவது என்று தெரியாமல் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கேனுக்குள் பார்த்துக் கொண்டு நின்றார்.