டோனல் கேட்கமாட்டேன் என்ற உதவி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. உருளைக்கிழங்கு உரித்தபடி றொசாந்தி சொன்னது. மன்னார்க்காரி. லண்டன் ஆர்ச்வேயில் ஒரு தேவாலயப் பங்கு மண்டபத்தில், அயர்லாந்து முதியவர்களுக்குச் செவ்வாய்தோறும் மதியம் சமைக்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் லண்டனில் சுரங்கம் தோண்டினார்கள், மருத்துவமனைகளில் தாதிகளானார்கள், ஊர்ச்சங்கம் அமைத்துத் தாயகத்துக்கு...'

[கட்டுரை வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.]

டோனலிலிருந்து தொடங்குகிறேன். அறுபதுகளில், பதினாறு வயதில் வந்து மண் வெட்டியவர். அயர்லாந்தில் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது அவருடைய ஊர்ச்சங்கம். ஆண்டுதோறும் நடன விருந்து, சீட்டிழுப்பு வைத்துச் சேர்த்த காசு. றொசாந்திக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவளுடைய ஊர்ச்சங்கமும் தென் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இதைத்தான் செய்கிறது, நடனத்துக்குப் பதில் கொத்துரொட்டி.

2

மண்டபத்துச் சமையல் குசினியைத் திருத்தாவிட்டால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று சுகாதாரம் பரிசோதிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"உதவி கேட்டு உங்கட ஊருக்கு எழுதுங்கோ" என்றாள் றொசாந்தி டோனலிடம்.

(பேசியது ஆங்கிலம். எனக்கு அவள் சொன்னது தமிழ். ஆகவே இங்கே டோனலும் மன்னார்த் தமிழ்தான் பேசுவார்.)

"நாங்கள் குடுத்த ஆக்கள். கேக்க ஏலாது."

"அப்ப நான் கேக்கிறன்."

எழுதினாள். ஒரு மாதத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையே காசோலையோடு வந்து நின்றார். பள்ளிப் பிள்ளைகள் நன்கொடை நடையாகப் பத்து மைல் நடந்து சேர்த்த நிதி.

3

முதல் வரைவில் டோனலை அழவைத்தேன். றொசாந்தி வாசித்துவிட்டு, "அவர் அழேல்லை. கோவத்தில எழும்பிப் போயிட்டார்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆக, போய்விட்டார். ஆசிரியைக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. றொசாந்தி சமையல் ஏப்ரனோடே பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள்.

"என்னைப் பிச்சைக்காரனாக்கிப் போட்டீர்" என்றார் டோனல்.

"குடுக்கிற சந்தோசம் உங்களுக்கு மட்டுமோ? காசு சேத்தது உங்கட கூரைக்குக் கீழ படிச்ச ஆக்களின்ர பிள்ளையள். நீங்கள் வாங்காட்டி அதுகள் ஆருக்குக் குடுக்கிறது?"

இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவது வருமுன் டோனல் மண்டபத்தை நோக்கித் திரும்பி நடந்தார். ஆசிரியையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கூரை ஒழுகுதோ?"

"அதை மாத்தி இருவது வருசமாச்சு" என்றார் ஆசிரியை.

முதலில் சிரித்தது டோனல்தான். பிறகு மண்டபமே சிரித்தது.

4

குசினி இப்போது பளபளக்கிறது. ஜூன் மாதப் பரிசளிப்பு விழாவுக்கு வரச்சொல்லி டோனலை அந்தப் பள்ளிக்கூடம் அழைத்திருக்கிறது. ஒருமுறையும் ஊர் திரும்பாத மனிதர்.

முடிவு அ: போகிறார். பள்ளிக்கூட வாசலில் அவரை

முடிவு ஆ: போகவில்லை. றொசாந்தி அந்தச் செவ்வாயன்று

இரண்டுமே பாதியில் நின்றுவிட்டன. நேற்று மண்டபத்துக்குப் போனேன். டோனல் காலில் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார். "ஊருக்குப் போகவோ?" என்று கேட்டேன்.

"அதையும் நான் சொன்னா உமக்கு என்ன வேலை?" என்றுவிட்டு, றொசாந்தியிடம் இன்னொரு கரண்டி சூப் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் சப்பாத்தை மட்டும்தான் நான் கண்டேன். அவரை எங்கே நடக்கவிடுவது என்பதை நீங்கள் பாருங்கள்.