படுத்தால்தான் வலி

யூஜினாவுக்கு அந்த வலி வந்தது ஏழாம் மாதத்தில், தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது. சரிவில் வலது காலைக் கீழே ஊன்றி, அடுத்த நிரைக்கு மாறப் போனாள். இடுப்புக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று தொடை வழியாகக் குதிகால் வரைக்கும் சுரீரென்று இழுத்துக்கொண்டு ஓடியது. கால் தன்னுடையதே இல்லை என்பதுபோல் மடங்கியது. தேயிலைச் செடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கத்தினாள்.

அழகன் கங்காணி மேலேயிருந்து இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பெண்களிடம் கடுமை காட்டாதவர்.

"என்னம்மா, வயித்து வலியா?"

"இல்லீங்க. காலு."

"காலுதானே," என்றார் அவர் நிம்மதியாக. "கொஞ்சம் ஒக்காந்துட்டு எடு."

உட்காரத்தான் முடியவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றபடியே எடுத்தாள்.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போனாள். மிட்வைஃப் நிலக்ஷி மிஸ் சிங்களப் பெண். தோட்டத்துக்கு வந்து நான்கு வருடத்தில் தமிழைப் பேசிப் பேசியே பழகியிருந்தாள். யூஜினாவைக் கட்டிலில் படுக்கவைத்து, காலை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். பாதி உயரத்தில் யூஜினாவின் முகம் சுருங்கியது.

"நரம்பு," என்றாள் மிஸ். "புள்ள பெருசாகுது, இல்லையா? அந்தப் பாரம் நரம்புல விழுது. பயப்பட வேணாம். இடது பக்கம் திரும்பிப் படுங்க. ரெண்டு முழங்கால் நடுவுல தலகாணி. வயித்துக்குக் கீழ ஒரு சின்ன தலகாணி. திரும்பும்போது ரெண்டு காலையும் சேத்துத் திரும்புங்க. எந்திரிக்கும்போது பக்கமாத் திரும்பி, கையை ஊனி எந்திரிங்க. இடுப்புக்கு இளஞ்சூடா ஒத்தடம் குடுங்க. வீட்டுல எங்க படுக்கிறீங்க?"

"கீழதான் மிஸ். பாய் போட்டு."

"சிமெந்துத் தரையிலயா? இந்தக் குளிருக்கா? மெத்தை ஒண்ணு வேணும் அம்மா."

யூஜினா தலையாட்டினாள்.

"புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிரும்," என்று மிஸ் அவள் தோளைத் தட்டினாள். டொக்டரிடம் சொல்லி, இலேசான வேலை கொடுக்கும்படி ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தாள்.

யூஜினாவும் அவளுடைய மாமி பெற்றீசியாவும் மட்டும்தான் லயத்து வரிசையிலிருந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். மாமனார் இறந்து ஆறு வருடமாகிறது. கணவன் மிலான் கொழும்பில் ஒரு டைல்ஸ் கடையில் மூட்டை ஏற்றி இறக்குகிறான். மாதத்துக்கு ஒரு முறை வருவான். காம்பராவில் ஒரு கட்டில் இருக்கத்தான் செய்தது. கூரைத் தகரம் ஒழுகி ஒழுகி அதன் பலகைகள் உளுத்துப் போனதால் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள்.

மிஸ் சொன்னதைக் கேட்டதும் பெற்றீசியா அன்று பின்னேரமே கோதுமை மா வந்த பை ஒன்றை எடுத்து, கிழிந்த சேலைத் துண்டுகளையும் மிலானின் பழைய சட்டைகளையும் அடைத்து, வாயைத் தைத்து ஒரு தலையணை செய்தாள். பிளாஸ்டிக் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி இடுப்புக்கு வைத்தாள். போத்தல் சூட்டில் நெளிந்து கோணலாகிப் போனது. அரைமணி நேரம் இதமாக இருக்கும். பிறகு சிமெந்திலிருந்து குளிர் பாயைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். இடது பக்கம் படுத்தால் இடுப்பெலும்பு தரையில் குத்தும். வலது பக்கம் திரும்பினால் கால் முழுக்கத் தீ. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். விடியும்போது தூங்காத கண்ணோடு எழுந்து, வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போவாள்.

தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா டொக்டரின் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு நல்ல மனதோடுதான் அவளை நாற்று மேடைக்கு அனுப்பினார். "ஒக்காந்து செய்யிற வேலைதான். மலை ஏற வேண்டியதில்ல," என்றார். சிறு பைகளில் மண் நிரப்பும் வேலை. காலையிலிருந்து குந்தியபடியே இருக்கவேண்டும். முதல் நாள் மத்தியானம் எழுந்திருக்கப் பக்கத்திலிருந்த ராசம்மா கைகொடுத்தாள். மூன்றாம் நாள் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. நான்காம் நாள் யூஜினா தானே போய், கொழுந்துக்கே அனுப்பும்படி கேட்டாள்.

"நீங்கதானே லேசான வேல வேணும்னு கடிதம் கொண்டு வந்தீங்க?" என்றார் கண்டாக்கு ஐயா, குழப்பத்தோடு.

"நின்னா கொஞ்சம் பரவாயில்லீங்க ஐயா."

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வெளியே மழை. யூஜினா பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது பெற்றீசியா அடுப்புப் பக்கம் சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் மாமியைப் பல தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். செபமாலை சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்துவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் நீட்டியிருந்த காலைக் கவனித்தாள். வலது கால். இடுப்புக்குக் கீழே சேலைச் சுருட்டு ஒன்று அணையாக வைக்கப்பட்டிருந்தது.

"மாமி."

பெற்றீசியா கண்ணைத் திறந்தாள்.

"ஒங்களுக்கும் இது இருக்கா?"

"எது?"

"இந்த வலி."

பெற்றீசியா காலை மடக்கப் பார்த்தாள். உடனே மடக்க வரவில்லை. இரண்டு கைகளாலும் முழங்காலைத் தூக்கித்தான் மடக்கினாள். மறைக்க நினைத்ததே காட்டிக்கொடுத்துவிட்டது.

"எப்பருந்து மாமி?"

"மிலான் வயித்துல இருக்கயில."

மிலானுக்கு இருபத்தெட்டு வயது. யூஜினா பாயில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள்.

"புள்ள பொறந்தா போயிரும்னு மிஸ் சொன்னாங்களே."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க." பெற்றீசியா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பல பேருக்குப் போயிருதாம். ராசம்மாவுக்குப் போயிருச்சு. ஒனக்கும் போயிரும்."

"மாமா இருந்தப்ப அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? மலைக்குப் போனா அவ்வளவா தெரியாது. நடந்துக்கிட்டே இருக்கணும். படுத்தாத்தான் வலி." பிறகு, ஏதோ பரிகாரம் சொல்வதுபோல், "செவத்துல சாஞ்சா கொஞ்சம் நேரம் கண்ணு அசரலாம். முதுகுக்குச் சாக்கு வச்சுக்க. செவரும் குளுரும்," என்றாள்.

யூஜினா அழுதாள். வலிக்காக இதுவரை அவள் அழுததில்லை. எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு ஒரு முடிவு இருந்தது. இப்போது அந்த முடிவைக் காணவில்லை. பெற்றீசியா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் போனில் மிலானிடம் யூஜினா கேட்டாள். "என்னையும் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"இங்க ஒரு ரூமுல ஆறு பேர் படுக்கிறோம் யூஜி. ஒன்ன எங்க கொண்டு வச்சுக்குவேன்?"

சிமெந்துத் தரையில் படுக்கவே முடியவில்லை என்றாள் அவள். "மெத்தை ஒண்ணு வாங்கிட்டு வாறேன்," என்றான்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை அவன் வந்தான். ஆறு அங்குலத் தடிப்பில் ஸ்பொஞ்ச் மெத்தை. சுருட்டி, பொலித்தீன் சுற்றிக் கட்டி, கொழும்பிலிருந்து பஸ்ஸின் பின்பக்கத்தில் அதைக் கட்டிப்பிடித்தபடியே நின்றுகொண்டு வந்திருந்தான். கொட்டகலையில் இறங்கி, ஒரு திரீவீல் ஓட்டோவின் கூரையில் வைத்துக் கட்டினான். பேக்டரி வரைக்கும்தான் திரீவீல் வரும். அதற்கு மேலே தோட்டத்து ரோட்டை மழை அரித்திருந்தது. மீதி ஒரு மைல் தலையில் சுமந்து ஏறினான். வழியில் பொலித்தீன் ஒரு முட்கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அப்போதுதான் பெருமழை பிடித்தது.

அவன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து மெத்தையை இறக்கியபோது அது இரண்டு ஆள் கனம் கனத்தது. ஓரத்தை அழுத்தினான். தண்ணீர் கொட்டியது. இன்னும் அழுத்தினான், இன்னும் கொட்டியது.

"வெயிலு வந்தா காஞ்சிரும்," என்றாள் பெற்றீசியா.

"எங்கருந்தும்மா வெயிலு வரும்?" என்று கத்தினான் மிலான். "ஆகஸ்ட் வரைக்கும் எங்க வரப்போகுது?"

மெத்தையை ஓங்கி மிதித்தான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். யூஜினா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெத்தை மெத்தென்று இறங்கியது. இடுப்பெலும்பு எங்கும் குத்தவில்லை. பாவாடை நனைந்து குளிர் ஏறியபோதும் எழுந்திருக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள்.

மறுநாள் காலை அவன் திரும்பிப் போய்விட்டான். மெத்தையை இஸ்தோப்பில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். மேல்பக்கம் காயும், தண்ணீர் கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கும். தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். மூடுபனி வந்து மறுபடி நனைக்கும். அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். பத்தாம் நாள் கறுப்புப் புள்ளிகள் விழுந்து நாற ஆரம்பித்தது. அந்த நாற்றத்தில் யூஜினாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பெற்றீசியா அதை இழுத்துக்கொண்டுபோய் லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டு மேல் போட்டாள். பிறகு இரண்டு பெண்களும் சுவரில் சாய்ந்து, பக்கத்துப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

ஜூலை கடைசியில் ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. இரண்டரைக் கிலோ, நல்ல குரல். பிரசவ வலி பெரியதுதான். ஆனால் அது விட்டுவிட்டு வந்தது, கடைசியில் நின்றும் போனது. முடிந்த பிறகு மெத்தை போட்ட கட்டிலில் யூஜினா ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க நர்ஸ் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. கண் விழித்தபோது உடம்பு முழுக்க இலேசாக இருந்தது. போய்விட்டது என்று நினைத்தாள். பிள்ளையின் நெற்றியை முகர்ந்துகொண்டு, போய்விட்டது, போய்விட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். கட்டிலிலிருந்து வலது காலைத் தரையில் ஊன்றினாள். இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் அது ஓடியது.

துணிகளை மடித்துக்கொண்டிருந்த பெற்றீசியா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த நிலக்ஷி மிஸ் உதட்டைக் கடித்தாள். நுவரெலியாவில் எலும்பு டொக்டரைப் பார்க்க ஒரு துண்டு எழுதினாள்.

"இன்னொரு துண்டும் எழுதுங்க மிஸ்," என்றாள் யூஜினா. "மாமிக்கு."

"எனக்கு எதுக்கு?" என்று பெற்றீசியா பதறினாள். "மிஸ், அவ சும்மா சொல்றா."

"இருபத்தெட்டு வருஷம் மிஸ்."

மிஸ் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். டொக்டர் இளைஞர், களைத்திருந்தாலும் பொறுமையாகப் பார்த்தார். யூஜினாவுக்கு வாரம் ஒரு முறை வந்து பயிற்சி செய்தால் குறையலாம் என்றார். மலையேற்றமும் பாரம் தூக்குவதும் கூடாது என்றார். யூஜினா சரி என்றாள். பிரசவ லீவு முடிந்தால் மலைக்குத்தான் போகவேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பெற்றீசியாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார். பாதத்தின் வெளிப்பக்கத்தில் ஊசியால் தொட்டார். அது பெற்றீசியாவுக்குத் தெரியவில்லை.

"அம்மா, இத்தன வருஷம் ஏன் வரல்ல?"

பெற்றீசியா செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டாள். "வேலையா இருந்தேன் ஐயா," என்றாள்.

அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடமில்லை. கைப்பிள்ளையைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் எழுந்து யூஜினாவை உட்காரச் சொன்னார். பெற்றீசியா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் பாரத்தைப் போட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் சாய்ந்துகொண்டே வந்தாள். தலவாக்கலையில் நிறையப் பேர் இறங்கினார்கள். யூஜினாவின் பக்கத்து இடம் காலியானது.

"ஒக்காருங்க மாமி."

பெற்றீசியா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே, மழையில் நனைந்து நின்ற மலைகளைப் பார்த்தாள்.

"வேணாம் புள்ள. ஒக்காந்தா எந்திரிக்கிறது கஷ்டம்," என்றாள். "கொட்டகலை கிட்டதானே."

பிள்ளை அழத் தொடங்கியது. யூஜினா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, மரத்துப் போன வலது காலை முன் சீட்டுக்கு அடியில் மெல்ல நீட்டினாள்.