நாலு மணியிலிருந்து நாலரை வரை

மன்னார்குடியில் ஜவுளிக்கடையில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். பத்து ரூபாய் குறைக்க வருகிறவர் பாதி விலையில்தான் பேச்சைத் தொடங்குவார் என்பது பல் முளைக்கும் முன்பே எனக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னத் பீவியின் பேரத்தைப் பார்த்த பிறகு, எங்கள் கடையில் நடப்பதெல்லாம் சொப்பு விளையாட்டு என்று தோன்றிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்று, ஒரு வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டு வீரையனின் பேரனுக்குக் காதுகுத்து. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய காசில் மைக்செட் தமிழரசன் தென்னைமரத்தில் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். விடியலில் தொடங்கிய பாட்டுச் சத்தத்தில் எங்கள் வீட்டு டம்ளர்கள் நடுங்கின.

ஜன்னத் பீவி வீரையனுக்குப் பக்கத்து வீடு. கணவர் ஜாஃபர் சாதிக்குக்கு சவுதியில், தம்மாமில் வேலை. வெள்ளிதோறும் ஜும்மா தொழுகை முடிந்து, டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று, நம் ஊர் நாலு மணிக்குப் பேசுவார். மறுநாள் இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதா, ஊர் திரும்புவதா என்று அன்றைக்குப் போனில் அவளைக் கேட்டுத்தான் முடிவு. இது தெருவுக்கே தெரியும்.

நான் பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"அண்ணே, போலீஸ் பெர்மிஷனைக் கொஞ்சம் காட்டுங்க."

வீரையன் பெருமையாக நீட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள். "குடியிருப்புப் பகுதி. குழாய் கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும். அப்ப மரத்துல தொங்குறது என்ன, பூசணிக்காயா?"

"தங்கச்சி, குழாய் இல்லாட்டி கிழக்குத் தெருப் பங்காளிக்கு எப்படிக் கேக்கும்? பத்திரிகைதான் வைக்கல, பாட்டாவது போகட்டுமே!"

"நாலையும் இறக்குங்க."

"ஒண்ணு இறக்குறேன்."

"மூணு."

"ரெண்டு. உங்க வீட்டைப் பாத்த ரெண்டும். அதுக்கு மேல கேக்காதீங்க."

தோற்றவள் போலப் பெருமூச்சு விட்டாள். "சரி, உங்களுக்காக விட்டுக் குடுக்குறேன். நாலு மணியிலேருந்து நாலரை வரைக்கும் மட்டும் மொத்தமா நிறுத்திடுங்க."

"அவ்வளவுதானே!" என்றார் வீரையன், இரண்டு குழாய் தப்பிய சந்தோஷத்தில்.

எனக்குக் காப்பி புரையேறியது. அவள் வந்ததே அந்த அரைமணி நேரத்துக்கு. இரண்டு குழாய் கொசுறு! ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் நாலும் இறங்கியிருக்கும். ஆனால் மறுநாள் கறிவேப்பிலை கேட்டு அந்த வாசலை மிதிக்க முடியாது.

நாலு மணிக்குப் பாட்டு பாதியில் நின்றது. நாலு ஏழுக்கு அவள் வீட்டுப் போன் அடித்தது. தம்மாம் லைனில் கத்தினால்தான் கேட்கும். தெருவில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களா?... கையெழுத்துப் போடாதீங்க. சம்பாரிச்சது போதும்... கேக்கலையா? வந்துடுங்க! வந்... துடுங்க!"

பந்தலில் நாற்பது பேர் மூச்சைப் பிடித்து நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "மாசக் கடைசியில வர்றாராம்."

"குழாயே இல்லாம கிழக்குத் தெரு வரைக்கும் போயிருச்சே, தங்கச்சி!" என்றார் வீரையன். அவர் கண்ணும் சரியில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பதினோரு நிமிஷம் என் கணக்குல இருக்குண்ணே. எனக்கு வேண்டாம், பாட்டைப் போடுங்க."